சென்னைப்பை: சனிக்கிழமையைக் கொடுக்கலாம்

மாதத்தின் நான்காவது சனிக்கிழமை கூடும், பைத்தான் என்கிற நிரல்மொழிக்கான குழு இது, காசு கிடையாது. முன்பு வேறொரு குழுவின் கூட்டத்துக்குப் போய், முக்கால் மணி நேரம் ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தைக் கேட்டுவிட்டு சமோசாவோடு திரும்பியவன் நான் (சமோசா நன்றாகத்தான் இருந்தது), அதனால் பெரிய நம்பிக்கை இல்லாமல்தான் உட்கார்ந்தேன்.

பேச்சு ஜிஐஎல் என்கிற பைத்தானின் உள்பூட்டைப் பற்றி. எத்தனை த்ரெட் (ஒரே நிரலுக்குள் பிரித்து ஓட்டும் வேலை இழைகள்) போட்டாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைத்தான் கோடை ஓட்ட முடியும் என்கிற அந்தப் பழைய பூட்டை, 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13 பதிப்பில் சோதனை முயற்சியாகக் கழற்றி வைக்க வழி செய்திருக்கிறார்கள். பகா எண்களை எண்ணும் பத்து வரி கோடை, பூட்டோடும் பூட்டில்லாமலும், இரண்டு விதமாகவும் ஓட்டிக் காட்டினார்கள். முதலில் ப்ராசஸரின் ஒரு கோர் அளவுக்குத்தான் வேலை நடந்தது, அப்புறம் ஒவ்வொரு கோரின் வேலையையும் பட்டையாகக் காட்டும் எச்டாப்பில் நான்கு பட்டைகளும் ஒரேயடியாக நிரம்பின. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்.

முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். வாசலில் டீயோடு நிற்கும் அரைமணி நேரத்தில்தான், வாரக்கணக்கில் என்னைப் படுத்திய ஒரு மெமரி பிரச்சினைக்கு, கல்லூரி படிக்கும் பையன் ஒருவன் “ட்ரேஸ்மாலாக் போட்டுப் பாருங்கண்ணா” என்றான் (கோடின் எந்த வரி மெமரியை எடுக்கிறது என்று காட்டும் பைத்தான் கருவி அது). போட்டேன், சிக்கிவிட்டது.