டேங்கில் 120, கன் வாயில் 60: லாரிப் பட்டறையில் இம்பேக்ட் கன்னோடு 11 வருஷம்

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கனரக வாகனப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். டிப்பர், பிரைம் மூவர், கான்கிரீட் மிக்சர், குப்பை லாரி என்று டீசலில் ஓடும் எதுவும் எங்கள் வாசலுக்கு வரும். நட்டைத் தட்டித் தட்டிச் சுழற்றிக் கழற்றவும் இறுக்கவும் எங்கள் கையில் இருக்கும் கருவிதான் இம்பேக்ட் கன், சுருக்கமாக கன். போன மாதம் புதுசாகச் சேர்ந்த தம்பி ஒருவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டினான்.

"அண்ணே, நம்ம முதலாளி டவுக்கே புது கன் வாங்கித் தரேன்னுட்டாரு. எதுன்னு நம்மளையே பாத்துச் சொல்லச் சொன்னாரு. இதுல 2,000னு போட்டிருக்கு, இதையே சொல்லிடவா?"

"2,000 என்னடா? நியூட்டன் மீட்டரா, ஃபுட் பவுண்டா?"

முழித்தான். நானும் ஒரு காலத்தில் அப்படி முழித்தவன்தான். இரண்டும் முறுக்குவிசையை அளக்கும் அலகுதான், ஆனால் 1,000 ஃபுட் பவுண்டு என்றால் 1,356 நியூட்டன் மீட்டர். ஒரு பெட்டியில் இந்த அளவு, பக்கத்துப் பெட்டியில் அந்த அளவு. எண் பெரிசாக இருப்பதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம். இன்னொரு வித்தையும் உண்டு. இறுக்கும்போது வரும் முறுக்குவிசை ஒன்று, இறுகிக் கிடக்கும் நட்டைக் கழற்றும்போது வரும் உச்ச விசை வேறொன்று. அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஆனால் எனக்குப் பாடம் கற்றுத் தந்தது அட்டை இல்லை, காற்று.

வந்த இரண்டாம் வருஷம். மணல் ஏற்றும் டிப்பர் ஒன்று, பின்பக்க இரட்டைச் சக்கரம். ஒரு இஞ்ச் ஏர் கன், அதாவது காற்றில் ஓடுவது, நட்டைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டும் முனை ஒரு இஞ்ச். ஆறு இஞ்ச் நீள மூக்கு உள்ளது. இரட்டைச் சக்கரத்தில் நட்டு குழிக்குள் ஆழமாக இருக்கும், நீள மூக்கு இல்லாமல் எட்டாது. கன்னைப் பிடித்து அரை நிமிஷம் அடித்தும் நட்டு அசையவில்லை. கடைசியில் பிரேக்கர் பாரில் ஆறடி பைப்பைச் சொருகி இரண்டு பேர் தொங்கித்தான் கழற்றினோம். பத்து நட்டு, ஒரு பகல். "இந்த கன் செத்துப்போச்சு, புதுசு வாங்கணும்" என்று நான் புலம்பியதை ஃபோர்மேன் கேட்டுக்கொண்டே நின்றார். ஜொகூர்க்காரர், மலேசியாவிலிருந்து இரண்டாவது பாலம் வழியாகத் தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிற பெரியவர்.

"கன்ன ஏன் திட்டுற தம்பி, அதுக்குச் சோறு போட்டியா லா?" என்றார்.

ஒரு சின்ன பிரஷர் கேஜை ஹோஸுக்கும் கன்னுக்கும் நடுவில் மாட்டினார். டிரிகரை அழுத்தாதவரை முள் 120 பிஎஸ்ஐயில் நின்றது, கம்ப்ரசர் டேங்கில் இருந்த அதே அளவு. நட்டில் வைத்து அழுத்தச் சொன்னார். முள் சரசரவென்று இறங்கி 60க்குப் பக்கத்தில் போய் நடுங்கியது. பெரும்பாலான ஏர் கன்களுக்குச் சொல்லப்படும் முறுக்குவிசை, கன் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வாயில் 90 பிஎஸ்ஐ இருந்தால் கிடைப்பது. சும்மா நிற்கும்போது கேஜ் காட்டுவது கணக்கில் வராது. எங்கள் ஹோஸ் பத்து மில்லி, சின்ன கன்னுக்குப் போடுவது. அதிலும் நடுவில் இரண்டு துண்டாக ஒட்டுப்போட்டு, ஒவ்வொரு முனையிலும் ஹோஸை மாட்டிக் கழற்றும் குயிக் கப்ளர், விரல் நுனி அளவு ஓட்டை உள்ளது. ஒரு இஞ்ச் கன் காற்றை மாடு தண்ணீர் குடிப்பது போலக் குடிக்கும். அதற்கு நாங்கள் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்திருந்தோம்.

காற்றுக் குழாய் இறங்கும் தூணிலிருந்து முக்கால் இஞ்ச் ஹோஸ், பெரிய கப்ளர், நீளத்தையும் பாதியாகக் குறைத்தோம். அதே கன், அடுத்த லாரியில் ஒரு நட்டுக்கு நாலு நொடி. சிலர் குறுக்கு வழியாக ரெகுலேட்டரை 150க்கு ஏற்றுவார்கள். அது வேண்டாம். ஓரிரு மாதம் சுகமாக இருக்கும், அப்புறம் உள்ளே இருக்கும் சுத்தியல் பாகங்கள் உடைந்து கையில் வரும்.

காற்றோடு தண்ணீரும் வரும். நம்ம ஊர் ஈரப்பதத்தில் கம்ப்ரசர் டேங்கின் அடித் திருகைக் காலையில் திறந்தால் காபிக் கலரில் தண்ணீர் கொட்டும். ஒரு வாரம் திறக்காமல் விட்டால் அந்தத் தண்ணீர் கன்னுக்குள் போய், ரோட்டரில் இருக்கும் தகடுகளை ஒட்ட வைத்துவிடும். திங்கள் காலையில் "கன் சுத்தல" என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது டேங்கில் தண்ணீரை வடித்தாயா என்றுதான். இரண்டாவது கேள்வி, எண்ணெய் விட்டாயா. காலையில் நாலைந்து சொட்டு ஏர் டூல் ஆயில், அவ்வளவுதான். என்ஜின் ஆயிலை விட்டால் பிசுபிசுத்துப்போகும்.

பேட்டரி கன் வந்தபோது நான் நம்பவில்லை, ஒத்துக்கொள்கிறேன். விளையாட்டுச் சாமான் என்று நினைத்தேன். இப்போது ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் என் கையில் இருப்பது மக்கிட்டாவின் முக்கால் இஞ்ச் டிடிடபிள்யூ1001, 18 வோல்ட், 1,050 நியூட்டன் மீட்டர். லாரிக்கு அடியில் ஹோஸை இழுத்துக்கொண்டு படுப்பதும், அது லாரியைத் தாங்கும் ஸ்டாண்டில் சிக்குவதும் இல்லை. சஸ்பென்ஷன் பிராக்கெட், கியர்பாக்ஸ் போல்ட், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் அது போதும். அரை இஞ்ச் கன்னும் ஒன்று வைத்திருக்கிறோம், கேபினுக்குள் கை நுழையாத இடத்துக்கு. சக்கரத்துக்கு மட்டும் இன்னும் ஒரு இஞ்ச் ஏர் கன்தான். நாள் முழுக்க சக்கரம் கழற்றினாலும் அது சோராது. வெளியிடத்தில் நின்றுபோன லாரிக்குப் போக வேண்டியிருந்தால் பேட்டரியில் ஓடும், D வடிவக் கைப்பிடி உள்ள ஒரு இஞ்ச் கன் ஒன்று வேனில் கிடக்கிறது. அதற்குச் சின்னப் பேட்டரி போட்டு "சக்தியே இல்லை" என்று சொல்லாதீர்கள். சுமையில் வோல்டேஜ் இறங்கிவிடும். பெரிய 12 ஆம்ப் ஹவர் பேட்டரி போட்டால் ஆளே வேறு. மதியம் வேனுக்குள் வெயிலில் வெந்த பேட்டரியைச் சார்ஜரில் சொருகினால் விளக்கு மினுமினுத்துக்கொண்டே இருக்கும், சார்ஜ் ஏறாது. ஆறும்வரை காத்திருக்க வேண்டும். இதை அறியாமல் இரண்டு சார்ஜரைப் பழுது என்று ஓரம் கட்டியவன் நான்.

சரி, எவ்வளவு பெரிய கன் இருந்தாலும் திசை தெரியாமல் அடித்தால் என்ன ஆகும்? பழைய ஜப்பான் லாரிகளில், எட்டு ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) உள்ளவற்றில், கிளீனர் பக்கச் சக்கரம், அதாவது இடது பக்கம், இடதுபுரி. வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் கழலும். பின்னால் உள் நட்டு 21 மில்லி சதுரம், வெளி நட்டு 41 மில்லி, இரண்டும் ஒரே ஸ்டட்டில். ஸ்டட் முனையில் எல், ஆர் என்று குத்தியிருக்கும். துருவும் கிரீஸும் மூடியிருந்தால் தெரியாது, பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பையன் பார்க்காமல் வழக்கம் போலக் கழற்றும் திசையில் ஒரு இஞ்ச்சை வைத்து அழுத்தினான். அவன் கழற்றவில்லை, மேலும் இறுக்கிக்கொண்டிருந்தான். 'டக்' என்று ஒரு சத்தம், ஸ்டட் முறிந்து கன் மூக்கோடு வந்தது. அடுத்த நட்டும் அப்படியே. மூன்றாவதில்தான் யாரோ கத்தினார்கள். ஹப்பை இறக்கி ஸ்டட் அடித்து மாட்ட அன்று இரவு ஒன்பதாகிவிட்டது.

என் தப்பும் ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் சக்கர நட்டை கன்னாலேயே கடைசிவரை இறுக்குவேன். அந்த 'டடடட' சத்தம் மாறினால் இறுகிவிட்டது என்று காதால் முடிவு செய்வது. 22 மில்லி ஸ்டட் உள்ள ஐரோப்பிய லாரிகளில் பலவற்றுக்கு 600 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் வேண்டும். நான் வைத்திருந்த கன் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தரும். ஒரு டிரைவர் நள்ளிரவில் டயர் வெடித்து, கை ஸ்பேனரில் ஏறி நின்றும் கழலாமல், மறுநாள் வந்து என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் நாலு ஸ்டட்டில் புரி இழுத்திருந்தது. இப்போது கன்னால் உட்கார வைப்பதோடு சரி, மீதி, முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி வந்து பார்க்கச் சொல்லி டிரைவரிடம் சொல்லி அனுப்புகிறேன். பாதிப் பேர்தான் வருகிறார்கள். சிலிண்டர் ஹெட் போல்ட், இன்ஜெக்டர் கிளாம்ப் பக்கம் கன்னைக் கொண்டுபோவதே கிடையாது.

சாக்கெட் கறுப்பாக இருக்க வேண்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட்டை கன்னில் மாட்டினால் வெடித்துச் சில்லு கண்ணுக்குப் போகலாம். எக்ஸ்டென்ஷன், யுனிவர்சல் ஜாயின்ட் ஒவ்வொன்றும் அடியைத் தின்னும். முடிந்தவரை நேராக மாட்டுங்கள்.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே சட்டப்படி எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு. ஒரு இஞ்ச் ஏர் கன் தகரக் கூரைக்குள் கத்தினால் அதெல்லாம் எங்கேயோ தாண்டிப்போகும். எனக்கு இடது காதில் இரவில் ஒரு விசில் கேட்கிறது. பேட்டரி கன்னை நான் விரும்ப ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அது சத்தமே போடாது என்று சொல்லவில்லை, காற்று வெளியேறும் இரைச்சலாவது இல்லை.

தம்பிக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். முக்கால் இஞ்ச் பேட்டரி, இரண்டு பேட்டரியோடு, டவுக்கேயிடம் கேள் என்றேன். ஆனால் அதற்கு முன்னால் கடையில் ஒரு பிரஷர் கேஜ் வாங்கி வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஜாலான் புசார் போனவன் வாங்கி வந்து, திங்கள் காலையிலேயே எங்கள் லைன் முழுக்க ஒவ்வொரு தூணிலும் மாட்டிப் பார்த்துவிட்டான். மூன்றாவது தூணில் முள் 70ஐத் தாண்டவில்லை. ஒரு கப்ளர் ஓட்டையில் யாரோ டெஃப்லான் டேப்பைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தார்கள்.