புறநகரின் அடுத்த முப்பது ஆண்டுகள்: அகலச் சாலையா, நிலையத்தைச் சுற்றிய நெருக்கமா, எல்லைக் கோடா?

ஒரு புறநகரின் அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளுக்கு நிலப்பயன்பாட்டையும் போக்குவரத்தையும் சேர்த்துத் திட்டமிடும்போது, எந்த நாடாக இருந்தாலும் மூன்று யோசனைகள்தான் திரும்பத் திரும்ப முன்வைக்கப்படுகின்றன. நெரிசல் வரும் சாலையை அகலப்படுத்திக்கொண்டே போவது ஒன்று. ரயில் அல்லது விரைவு பஸ் நிலையங்களைச் சுற்றி வீடுகளும் அலுவலகங்களும் நெருங்கி எழ அனுமதிப்பது இன்னொன்று. ஊர் இதற்கு மேல் பரவக் கூடாது என்று எல்லைக் கோடு போடுவது மூன்றாவது.

எது அதிக வண்டிகளைக் கடத்தும், எது செலவு குறைவு என்றுதான் வழக்கமாக இவற்றை ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: கணக்கு தப்பினால் திருத்திக்கொள்ள முடியுமா? முப்பது ஆண்டுக் கணிப்பு எதுவும் அப்படியே பலிப்பதில்லை. மக்கள்தொகை, வேலை கிடைக்கும் இடம், எரிபொருள் விலை, குடும்பத்தின் அளவு எல்லாமே மாறும்.

அகலச் சாலைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் நியாயம் இருக்கிறது. தனி வீடுகள் சிதறிக் கிடக்கும் பகுதியில் காரை விட்டால் பலருக்கு வேறு வழியில்லை. சரக்கு லாரியும் ஆம்புலன்ஸும் சாலையில்தான் ஓட வேண்டும். வேலை முடிந்த மறுநாளே பலன் கண்ணுக்குத் தெரியும் என்பதால் மக்கள் பிரதிநிதிகளுக்கும் இது பிடித்த தீர்வு.

ஆனால் அந்தப் பலன் நிற்பதில்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆந்தனி டவுன்ஸ் 1962-லேயே இதை விளக்கிவிட்டார். நெரிசலுக்குப் பயந்து நேரத்தை மாற்றிக்கொண்டவர்கள், வேறு பாதையில் போனவர்கள், ரயிலுக்கு மாறியவர்கள் எல்லோரும் சாலை காலியானதும் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2011-இல் டுரான்டன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க நகர்ப்புற நெடுஞ்சாலைகளை ஆராய்ந்து, சாலையின் நீளமும் வழிகளின் எண்ணிக்கையும் எந்த விகிதத்தில் கூடுகின்றனவோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுவதைக் காட்டினார்கள். ஹூஸ்டன் நகரின் கேட்டி நெடுஞ்சாலை, பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 வழிகள் கொண்டது. அதன் விரிவாக்கம் 2008-இல் முடிந்தது. சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் மறுபடியும் நீளத் தொடங்கியது.

திரும்பி வருபவர்களை விடவும் கவனிக்க வேண்டியது நிலம். சாலை அகலமானதும் இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வயல்வெளி, நகரத்துக்கு அரை மணி நேரத் தொலைவு ஆகிவிடுகிறது. அங்கே மனைப்பிரிவு எழுகிறது. அங்கே குடியேறியவர்களுக்கு இந்தச் சாலை வாழ்வாதாரம். போக்குவரத்துக்காக எடுத்த முடிவு, யாரும் வாக்களிக்காமலே நிலப்பயன்பாட்டு முடிவாகவும் ஆகிவிடுகிறது.

அகலத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. ஆறு வழிச் சாலையில் வழிக்கு 3.5 மீட்டர் என்றால் 21 மீட்டர். சந்திப்பில் திரும்புவதற்கு இரண்டு வழிகள் கூடினால் 28 மீட்டர். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு அதைக் கடக்க 23 வினாடி வேண்டும். வினாடிக்கு 0.8 மீட்டர் மட்டுமே நடக்க முடிகிற முதியவருக்கு 35 வினாடி வேண்டும். சிக்னலில் அந்த 35 வினாடியைக் கொடுத்தால் அகலப்படுத்தியதன் பலனில் ஒரு பகுதி போய்விடும். கொடுக்காவிட்டால் அந்த முதியவர் எதிர்ப்புறம் இருக்கும் மருந்துக் கடைக்குப் போக யாரையாவது கார் எடுக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலான திட்ட அறிக்கைகள் இதைச் செலவுப் பட்டியலில் சேர்ப்பதில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

அளவுகோலை மாற்றினால் முடிவும் மாறும் என்பதற்குக் கலிஃபோர்னியா ஒரு சான்று. அங்கே 2013-இல் இயற்றிய சட்டத்தின்படி, புதிய கட்டுமானங்களின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் சந்திப்பில் கார் எவ்வளவு தாமதமாகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, மொத்தம் எத்தனை மைல் கார் ஓட்ட நேர்கிறது என்று பார்க்கிறார்கள். 2020 ஜூலை முதல் மாநிலம் முழுவதும் இதுவே நடைமுறை. பழைய அளவுகோலில் ஊருக்கு நடுவே கட்டும் குடியிருப்பு குற்றவாளியாகவும் தொலைதூர மனைப்பிரிவு நல்லபிள்ளையாகவும் தெரிந்தன.

இரண்டாவது யோசனைக்கு நேர் ஒப்பீடாக அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய இரண்டு கவுண்ட்டிகளே (நம் மாவட்டம் போன்றவை) கிடைக்கின்றன. ஆர்லிங்டன் வழியாக மெட்ரோ ரயில் வரப்போகிறது என்றானபோது, நெடுஞ்சாலையின் நடுத் திட்டிலேயே தண்டவாளம் போட்டால் செலவு குறையும் என்ற யோசனை இருந்தது. ஆர்லிங்டன் அதை ஏற்கவில்லை. நொடித்துக்கொண்டிருந்த பழைய கடைவீதிக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டுபோக வேண்டும் என்று வாதாடி வென்றது. ராஸ்லின் முதல் பால்ஸ்டன் வரை ஐந்து நிலையங்கள் அமைந்தன, 1979-க்குள் ரயில் ஓடத் தொடங்கியது. நிலையத்துக்குப் பக்கத்தில் உயரமான கட்டடங்கள், தள்ளிப் போகப் போக உயரம் குறைவு, சில தெருக்கள் தாண்டினால் பழைய தனி வீடுகள் அப்படியே என்று நிலப்பயன்பாட்டு வரைபடம் அமைந்தது. அதன் பிறகு அங்கே ஏராளமான வீடுகளும் அலுவலகங்களும் வந்தும் முக்கியச் சாலைகளில் வண்டிகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

பக்கத்து ஃபேர்ஃபாக்ஸ் கவுண்ட்டியில் அதே ரயில் நெடுஞ்சாலையின் நடுவிலேயே ஓடுகிறது. 1986-இல் அங்குள்ள வியன்னா நிலையம் வரை நீண்டது. நிலையத்திலிருந்து வெளியே வந்தால் இருபுறமும் வேகமாக ஓடும் கார்கள். நடந்து போகக்கூடிய நிலத்தில் பெரும்பகுதியை நெடுஞ்சாலையும் வாகன நிறுத்தமும் விழுங்கிவிட்டன. ரயில் ஒன்றுதான், கால அட்டவணையும் ஏறக்குறைய ஒன்றுதான். நிலையத்தை எங்கே வைத்தார்கள், சுற்றிலும் எதைக் கட்ட விட்டார்கள் என்பதில்தான் இரண்டும் பிரிந்தன.

கோபன்ஹேகன் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. 1947-இல் வரைந்த விரல் வடிவத் திட்டத்தில் ரயில் பாதைகளை ஒட்டி ஊர் நீளும், விரல்களுக்கு இடையே பசுமை நிலம் இருக்கும். 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகக் கட்டடம் நிலையத்திலிருந்து சுமார் 600 மீட்டருக்குள் அமைய வேண்டும் என்ற விதி பின்னால் சேர்ந்தது. வீட்டை விட வேலையிடம் நிலையத்துக்கு அருகில் இருப்பது முக்கியம் என்பது அந்த விதியின் உட்கருத்து. வீட்டிலிருந்து நிலையத்துக்கு சைக்கிளில் வரலாம், இறங்கும் முனையில் அந்த சைக்கிள் பெரும்பாலும் இருக்காது.

ரயிலுக்குப் பணம் இல்லாவிட்டால் இந்த யோசனையே கிடையாது என்று நினைக்க வேண்டாம். பிரேசிலின் குரிச்சிபா 1974-இல் பஸ்ஸுக்குத் தனிப்பாதை ஒதுக்கி, அந்தப் பாதையை ஒட்டி மட்டும் உயரமான கட்டடங்களை அனுமதித்தது. நிலையத்தை ஒட்டிய இடங்களில் வாடகை ஏறும் என்பது மெய்யான குறை. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் எளியவர்கள் முதலில் தள்ளப்படுவார்கள். அவர்களுக்கான வீடுகளை நிலத்தின் விலை ஏறுவதற்கு முன்பே ஒதுக்கினால்தான் உண்டு.

எல்லைக் கோட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது தனியாக எதையும் சாதிப்பதில்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் நிலப்பயன்பாட்டுத் திட்டச் சட்டம் 1973-இல் வந்தது, அங்குள்ள போர்ட்லண்ட் பகுதியின் வளர்ச்சி எல்லை 1979-இல் நடைமுறைக்கு வந்தது. வெளியே விளைநிலம் பிழைத்தது. உள்ளே பெரும்பகுதி தனி வீட்டுக்கு மட்டும் என்றே இருந்ததால் நெருக்கடி கூடியது. பெரிய ஊர்களில் நான்கு குடித்தனங்கள் வரை கொண்ட வீடுகளை அனுமதிக்கும் சட்டம் 2019-இல்தான் வந்தது. வெளிக் கதவை அடைத்தால் உள்ளே அறைகளைத் திறந்துவிட வேண்டும், அதற்கு நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது மிக அதிகம்.

எனக்கு இரண்டாவது யோசனைதான் உடன்பாடு. ஆனாலும் மூன்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: தெருக் கோடுகளை வரைந்து ஒதுக்குவது. வழிகளைப் பிற்பாடு பஸ்ஸுக்குக் கொடுக்கலாம், கட்டட உயர வரம்பை மாற்றலாம். தெருவும் மனையும் ஒருமுறை பிரிந்துவிட்டால் எளிதில் மாறாது. 1666-இல் லண்டன் எரிந்து சாம்பலான பிறகும் பெரும்பாலான தெருக்கள் பழைய கோட்டிலேயே மீண்டும் எழுந்தன. ஃபேர்ஃபாக்ஸிலேயே டைசன்ஸ் என்ற அலுவலகப் பகுதிக்கு 2014-இல் மெட்ரோ ரயில் வந்துவிட்டது. குறுக்குத் தெருக்கள் இல்லாத பிரம்மாண்ட மனைகளை நடக்கக்கூடிய துண்டுகளாகப் பிரிக்கும் வேலையோ, ஒவ்வொரு மனையும் மறுபடி கட்டப்படும்போதுதான் நகர முடிகிறது.

முட்டுச்சந்துகளால் ஆன மனைப்பிரிவில் பின்சுவர்கள் ஒட்டிய இரண்டு வீடுகளுக்கு இடையே சாலை வழியாக இரண்டு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். அந்தப் பயணம் முழுவதும் முக்கியச் சாலையில் போய் விழுகிறது, பிறகு அதையே அகலப்படுத்தச் சொல்கிறோம். சுவரில் மூன்று மீட்டர் நடைபாதை விட்டிருந்தால் அந்தப் பயணத்துக்குக் கார் தேவைப்பட்டிருக்காது. பஸ்ஸும் இத்தகைய இடத்தில் நுழைந்த வழியே வெளியேற வேண்டும் என்பதால் எந்த நிறுவனமும் அங்கே ஓட்ட விரும்பாது.

முன்கூட்டியே ஒதுக்கியதன் பலனுக்கு டொரொன்டோவின் பிரின்ஸ் எட்வர்ட் பாலத்தைப் பார்க்கலாம். 1918-இல் திறந்த அந்தப் பாலத்தில் என்றோ வரப்போகும் ரயிலுக்காகக் கீழ்த்தளம் ஒன்றையும் சேர்த்துக் கட்டினார்கள். 1966-இல் சுரங்க ரயில் அதில் ஓடியது.

ஆகவே வரைவுத் திட்டம் மக்கள் கருத்துக்கு வரும்போது, வண்ணம் தீட்டிய நிலப்பயன்பாட்டு வரைபடத்தோடு நின்றுவிடாமல் இரண்டைத் தேடுங்கள். பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ ஒதுக்கிய தொடர்ச்சியான நிலப்பட்டை ஒன்று. இன்னும் கட்டப்படாத நிலத்தில், நூறு முதல் நூற்றைம்பது மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குத் தெருக்கள் கோடு போட்டிருக்கின்றனவா என்பது இன்னொன்று. இல்லையென்றால் ஆட்சேப மனுவில் முதல் வரியாக அதையே எழுதுங்கள். முதல் மனைப்பிரிவுக்கு அனுமதி கையெழுத்தான பிறகு அந்தக் கோடுகளை வாங்க ஊராட்சியிடம் பணம் இருக்காது.