விக்டோரினாக்ஸ் கேடட் 2020 லிமிடெட் எடிஷன்: கத்தி சூப்பர், ‘ரேர்’னு சொல்றதுதான் இடிக்குது

எடுத்தவுடனே சொல்லிடறேன், கத்தி அருமை, அதுல பேச்சே இல்ல. ஆனா இதை ‘ரேர் பீஸ் சார், இனிமே வராது’ன்னு சொல்லி டபுள் ரேட்டுக்கு விக்கறாங்க பாருங்க, அங்கதான் நமக்கு ஒத்துவரல.

விஷயம் தெரியாதவங்களுக்கு: சுவிஸ் கத்தி கம்பெனியான விக்டோரினாக்ஸ்காரங்க வருஷாவருஷம் அலுமினியப் பிடி (அதுக்கு ‘அலாக்ஸ்’னு பேரு) போட்ட பேனாக்கத்திகள்ல ஒரு புதுக் கலர் விடுவாங்க, அதுதான் அலாக்ஸ் லிமிடெட் எடிஷன். 2017 ஆலிவ் கிரீன், 2018 பெர்ரி, 2019 ஷாம்பெயின், 2020 இந்த அக்வா கிரீன், 2021 டைகர் ஆரஞ்ச், அப்புறம் தண்டர் கிரே, எலெக்ட்ரிக் யெல்லோ, 2024 டெரா பிரவுன்னு போய்ட்டே இருக்கும். 2020 செட்ல மூணு சைஸ், சாவிக்கொத்துல மாட்டற 58 மிமீ கிளாசிக், நடுவுல 84 மிமீ கேடட், பெருசுல 93 மிமீ பயனீர் எக்ஸ். என்கிட்ட இருக்கறது நடுவுல உள்ளது.

கேடட்ல ஒரு பிளேடு, நக அரம், டப்பா திறக்கறது, பாட்டில் ஓப்பனர், அவ்வளவுதான். சிவப்புப் பிடி மாடல்ல வர்ற பல்குத்தியும் முள்ளுவாங்கியும் இதுல கிடையாது, அதுக்கு இடமே இல்ல, அவ்வளவு ஒல்லி. சட்டைப் பாக்கெட்ல போட்டா இருக்கறதே தெரியாது. டப்பா ஓப்பனரோட நுனி சின்ன ஸ்டார் ஸ்க்ரூவுக்கும் பொருந்தும்ங்கறது நிறைய பேருக்குத் தெரியாது, வீட்ல ரிமோட், பொம்மை, சுவிட்ச் பாக்ஸ்னு எல்லாத்தையும் நான் அதாலதான் கழட்டறேன். பிளேடு மெல்லிசு, மாங்காயை நறுக்கினா பிளக்காம வழுக்கிட்டு உள்ள போகுது பாருங்க, அது ராணுவ ஸ்டைல்ல வர்ற தடிமனான ‘டாக்டிகல்’ கத்திங்க எதுலயும் வராது. ஸ்டீல் கொஞ்சம் சாஃப்ட்தான், கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனா பீங்கான் காபி கப்போட அடிப்பக்கம் இருக்கு பாருங்க, அந்த சொரசொரப்பான வளையத்துல நாலு இழுப்பு இழுத்தாலே திரும்ப வந்துரும். மூட்டுக்கு எண்ணெய் விடறவங்க தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், பிசுக்கு ஏறி இறுகிடும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

கலர் போட்டோவை விட நேர்ல அழகு, பச்சையா நீலமான்னு சொல்ல முடியாத ஒரு ஷேடு, வெயில்ல ஒண்ணு டியூப் லைட்ல ஒண்ணுன்னு தெரியும். ஆனா இது பெயிண்ட் இல்ல. அலுமினியத்தை கரண்ட் விட்டு ஆனோடைஸ் பண்ணும்போது மேல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்களோட ஒரு படலம் வரும், அதுல சாயத்தை ஏத்தி அடைச்சுடுவாங்க. படலம் ரொம்ப மெல்லிசு, சாவிகூட ஒரே பாக்கெட்ல போட்டா ஓரமெல்லாம் உரசி வெள்ளி எட்டிப் பாக்கும். பிடியை ரிவெட் அடிச்சு வச்சிருக்கறதால சிவப்பு பிளாஸ்டிக் மாடல் மாதிரி நாமளே சுலபமா கழட்டிட்டு புதுசு ஒட்டவும் முடியாது. பாவிக்கணும்னா கீறல் விழும், மனசைத் தேத்திக்கங்க.

இப்ப ரேர் கதைக்கு வருவோம். சாதா சில்வர் கேடட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? சாயம், பொறிச்ச வருஷம், ஒரு நல்ல டப்பா. அதே பிளேடு, அதே ஸ்பிரிங். இதுல ‘லிமிடெட்’ங்கறது எண்ணிக்கைக்கு இல்ல, வருஷத்துக்கு. அந்த வருஷம் மட்டும் அந்தக் கலர்னு அர்த்தம். கத்தில சீரியல் நம்பர் கிடையாது. நம்பர் இல்லாத பொருளை எத்தனைல ஒண்ணுன்னு விக்கறவர் எப்படிச் சொல்றாரு?

சரி, நம்பர் போட்டா ரேராகிடுமா? 1897ல வந்த ஆபிசர் கத்திக்கு 125 வருஷம் ஆச்சுன்னு 2022ல விக்டோரினாக்ஸ்காரங்க அதோட ரெப்ளிகா, அதாவது அதே மாதிரி ஒரு நகல் விட்டாங்க, உலகம் முழுக்க 9,999 பீஸ். கேக்க கம்மியா இருக்கு. இப்ப இன்னொரு கணக்கைப் பாருங்க. சுவிஸ் ராணுவத்துக்கு முதமுதல்ல போன 1890 மாடல் சிப்பாய் கத்தி, 1891ல வந்த முதல் லாட் மட்டும் 15,000. அதையும் செஞ்சது சுவிஸ்காரங்க இல்ல, அவ்வளவு செய்ய அப்ப அங்க வசதி இல்லாததால ஜெர்மனில சோலிங்கன்ல வெஸ்டர் கம்பெனிக்குப் போன ஆர்டர். எண்ணிக்கைல பாத்தா ரெப்ளிகாதான் கம்மி, ஆனா எது கிடைக்காம அலையுறாங்க? சிப்பாய் கத்திதான். மரப்பிடி, கார்பன் ஸ்டீல், சிப்பாய்ங்க ரொட்டி வெட்டி டப்பா திறந்து துருப்பிடிக்க விட்டு தொலைச்சுட்டாங்க, மிஞ்சினது கொஞ்சம். ரெப்ளிகா வாங்கின ஆளு எவனும் அதால ஆப்பிள் கூட வெட்டமாட்டான், அம்பது வருஷம் கழிச்சும் கிட்டத்தட்ட அத்தனையும் டப்பாவோட புத்தம்புதுசா இருக்கும். பத்திரப்படுத்தணும்னே எல்லாரும் வாங்கற ஒண்ணு எங்கேந்து ரேர் ஆகும்?

அமெரிக்காவுல இது வேற லெவல். ஸ்பைடர்கோங்கற கத்தி கம்பெனி பழைய மாடலை வேற ஸ்டீல்ல கொஞ்சமா அடிச்சு ‘ஸ்பிரிண்ட் ரன்’னு விடும், அதுலயாவது ஸ்டீல் மாறுது, வெட்டும்போது தெரியும், அதுக்கு காசு குடுக்கறது நியாயம். கேஸ் (Case)ங்கற இன்னொரு கத்தி கம்பெனில ஒரே பேட்டர்னுக்கு எலும்புப் பிடியோட சாயத்தையும் செதுக்கலையும் மாத்திட்டே போனா ஒவ்வொண்ணும் ‘அஞ்சூறுல ஒண்ணு’தான், அப்படி எத்தனை அஞ்சூறுன்னு யாரு எண்றது? அதே கேஸ்கிட்ட ஒரு நல்ல பழக்கமும் உண்டு, 1970லேர்ந்து பிளேடு அடில புள்ளி வச்சு வருஷாவருஷம் ஒண்ணு ஒண்ணா எடுத்துட்டே வந்தாங்க, அதை வச்சு பழைய கத்தியோட வயசைச் சொல்லிடலாம்.

என்கிட்ட இதை வித்தவரு ‘கடைசி ரெண்டு பீஸ்’னாரு, அடுத்த மாசமும் அதே போட்டோவோட அதே ரெண்டு பீஸ் அப்படியே இருந்துச்சு, பாவம் அதுங்க வளரவும் இல்ல குறையவும் இல்ல. இந்த மாதிரி ஆளுங்க போடற விலையைப் பாத்து மார்க்கெட் ரேட்னு நினைக்காதீங்க, ஈபேல வித்து முடிஞ்ச லிஸ்டிங் மட்டும் தனியா காட்டற ஃபில்டர் இருக்கு, அதுல கைமாறின விலை தெரியும், கேக்கற விலைக்கும் அதுக்கும் சில நேரம் பெரிய தூரம். இன்னொண்ணு, சில்வர் அலாக்ஸை கழட்டி வேற கலர்ல ஆனோடைஸ் பண்ற கைவேலைக்காரங்க இருக்காங்க, அதனால கலரை மட்டும் நம்பாதீங்க, பொறிச்ச வருஷத்தை குளோசப்ல போட்டோ கேட்டு வாங்குங்க.

கத்திக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், கத்தரிக்கோல் இல்லாததுக்கு அரை கட். சில்வரை விட கால்வாசி கூடன்னா கலருக்காக வாங்கலாம், அதுக்கு மேல கேட்டா சில்வரே எடுத்துட்டு மிச்சக் காசுல 1961 மாடல் பழைய சுவிஸ் சிப்பாய் கத்தி ஒண்ணு தேடுங்க, பிளேடு அடில செஞ்ச வருஷத்தோட கடைசி ரெண்டு நம்பர் அடிச்சிருக்கும், நீங்க பொறந்த வருஷம் மாட்டினா செம ஜாலி. நான் இப்ப 78 தேடிட்டிருக்கேன், யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, கீறல் இருந்தாலும் பரவால்ல.