ஒரே வீடு, மூன்று ஆய்வு: வாங்குபவர், விற்பவர், குடியிருப்பவர்

நான் வாங்க நினைத்த பழைய வீட்டின் படுக்கையறையில் மூன்று சுவர்கள் மங்கிக் கிடந்தன. நான்காவதில் மட்டும் புதுப் பெயிண்ட். என் கண்ணுக்கு அது நன்றாகவே இருந்தது. உடன் வந்த ஆய்வாளர் நேராக அந்தச் சுவரிடம் போய் முழந்தாளிட்டார். ஈரம் அளக்கும் கருவியின் இரு ஊசிகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அழுத்தினார், பிறகு இடுப்பளவில், பிறகு தலைக்கு மேல். கீழே அளவு எகிறி நின்றது, இடுப்பில் பாதியாகக் குறைந்தது, மேலே சுவர் காய்ந்திருந்தது. “ஈரம் மேலிருந்து இறங்கவில்லை. தரையிலிருந்து ஏற வேண்டும், இல்லையென்றால் பின்னால் இருக்கும் குளியலறைக் குழாயிலிருந்து வர வேண்டும்” என்றார். வீட்டின் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு, தண்ணீர் மீட்டரின் முன் என்னை நிற்க வைத்தார். யாரும் குழாயைத் திறக்காத வீட்டில் அந்தச் சின்னச் சக்கரம் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

விற்பவரிடமும் ஓர் ஆய்வறிக்கை இருந்தது. முறையாகப் பணம் கொடுத்து எடுத்தது. அந்த அறைக்கு நேரே ‘குறை தென்படவில்லை’ என்று எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில், சுவரை மறைத்து அலமாரி நின்றதால் அங்கே பார்க்க இயலவில்லை என்று பொடி எழுத்தில் ஒரு வரி. தேதியோ எட்டு மாதம் பழையது. அலமாரியை நகர்த்தியபோது கண்ட கறையை வெறும் அழுக்கென்று நினைத்துப் பெயிண்ட் அடித்ததாகச் சொன்னார். அவரை நான் நம்புகிறேன். ஒரே சுவரை இரண்டு ஆய்வுகள் பார்த்து இரண்டு விதமாகச் சொன்னது எப்படி என்ற கேள்விதான் என்னை விடவில்லை.

வாங்குபவரின் ஆய்வை முதலில் எடுத்துக்கொள்வோம். விலை பேசி முடித்த பிறகு, பின்வாங்க முடியாத கட்டத்துக்கு முன்பு நடப்பது இது. ‘ஆய்வில் பெரிய குறை தெரிந்தால் விலகலாம் அல்லது விலையை மறுபடி பேசலாம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காவிட்டால், அறிக்கை கையில் இருந்தும் பயனில்லை. சாதாரண அளவுள்ள வீட்டுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். அஸ்திவாரம், சுவர், கூரை, வடிகால், குழாய், மின்பெட்டி, கதவு, ஜன்னல் என எல்லாவற்றையும் தொடுவார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரிவது மட்டுமே கணக்கு. பூச்சை உடைக்க மாட்டார்கள், தரை ஓட்டைப் பெயர்க்க மாட்டார்கள். மண்ணுக்கடியில் போகும் கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதும், கரையான் சோதனையும் பெரும்பாலும் தனி வேலை, தனிக் கட்டணம்.

வெப்பப்படக் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. அது சுவருக்குள் ஊடுருவிப் பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது சுவர்ப் பரப்பின் வெப்பத்தை மட்டும்தான். ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்து படத்தில் வேறு நிறமாகத் தெரியும். ஏசி காற்று படும் இடமும் அப்படியே தெரியும். வண்ணப் படத்தோடு நிறுத்தாமல் ஈரமானியை வைத்து உறுதிசெய்கிறாரா என்று பாருங்கள்.

விரிசலில்தான் நல்ல ஆய்வாளரின் கை தெரியும். தலைமுடி போன்ற, ஒரு மி.மீ.க்குக் குறைவான கோடுகள் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதால் வந்தவை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, செங்கல் இணைப்புகளில் படிக்கட்டுப் போல ஏறுவது, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் மெலிவது, இவை கட்டடத்தின் ஒரு பகுதி இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அகலம் 5 மி.மீ.யைத் தாண்டினால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டாக வேண்டும். அந்த இடத்தில் “ஒன்றுமில்லை, சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம்” என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஆய்வும் செய்து பழுதுபார்ப்பு வேலையையும் தாமே எடுத்துக்கொள்பவரும் வேண்டாம். அவருக்குக் குறை தெரிவதும் தெரியாததும் வருமானத்தைப் பொறுத்தது.

புது வீட்டுக்கு ஆய்வு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பழைய வீட்டை மழையும் வெயிலும் ஏற்கெனவே சோதித்துவிட்டன. புது வீட்டை இன்னும் யாருமே சோதிக்கவில்லை.

விற்பவரின் ஆய்வுக்கு வருவோம். வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் தாமே ஒருவரை அழைத்துப் பார்ப்பது. இதில் நியாயமான லாபம் ஒன்று உண்டு: குறையை நிதானமாக, நாமே தேர்ந்தெடுத்த ஆளை வைத்துச் சரிசெய்யலாம், கடைசி நாளில் வாங்குபவர் அறிக்கையை மேசையில் போட்டு விலையை அடித்துக் குறைக்கும் பதற்றம் இல்லை. இடர் ஒன்றும் உண்டு: தெரிந்துகொண்டதைத் தெரியாததாக்க முடியாது. அறிந்த குறையை மறைத்து விற்பது பல நாடுகளில் வழக்கில் முடியும். இருந்தும் நான் விற்பவராக இருந்தால் இந்த ஆய்வைச் செய்வேன், அறிக்கையோடு பழுதுபார்த்த ரசீதுகளையும் முன், பின் புகைப்படங்களையும் இணைத்துக் கொடுப்பேன். ஆனால் வாங்குபவர் இதைத் தம்முடைய ஆய்வுக்கு மாற்றாகக் கொள்வது தவறு. விற்பவரின் அறிக்கையில் முதலில் படிக்க வேண்டியவை தேதியும், ‘பார்க்க இயலாதவை’ என்ற பட்டியலும். உங்கள் ஆய்வாளர் தொடங்க வேண்டிய இடம் அந்தப் பட்டியல்தான்.

மூன்றாவது, குடியிருப்பவர் தம் வீட்டைத் தாமே பார்ப்பது. மற்ற இரண்டும் ஒரு நாளின் புகைப்படம். கோடையில் வந்த ஆய்வாளருக்கு அடைமழையில் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும், பார்த்தால்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு பென்சில், ஒரு நோட்டு போதும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். வளராத விரிசலும் வளரும் விரிசலும் முதல் நாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த நிபுணராலும் ஒரே வருகையில் பிரித்துச் சொல்வது கடினம். கனமழை நின்ற உடனே வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடுகிறதா, சுவரடியில் நிற்கிறதா என்று கவனியுங்கள். கூரையின் அடிப்பக்கத்தை விரல் கணுவால் தட்டினால் பூச்சு விலகிய இடம் பொள்ளென்று ஒலிக்கும். உள்ளே கம்பி துருப்பிடிக்கிறதோ என்று அங்கே சந்தேகப்படலாம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கான்கிரீட்டை உள்ளிருந்து பிளப்பது அந்தப் பருமன். பழுப்புக் கறையாக இருக்கும்போது பிடித்தால் சின்ன வேலை, துண்டு துண்டாக உதிரத் தொடங்கியபின் பெரிய செலவு.

மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இருந்தால், அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றால், சுவிட்ச் வேலை செய்கிறது என்று மட்டுமே பொருள். எர்த் இணைப்பு சரியாக இருப்பதற்கு அது சாட்சியில்லை. அதற்கு எலக்ட்ரீஷியன் அளந்து பார்க்க வேண்டும். பொத்தானை நம்பி எர்த்தை மறந்த வீடுகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால் என் வரிசை இதுதான். பணம் ஒருமுறைதான் செலவழிக்க முடியும் என்றால் வாங்கும்போது செலவழியுங்கள், அன்று நீங்களும் கூடவே நடங்கள். ஆய்வாளர் ஒரு சுவரின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது அறிக்கையில் வராது. விற்பவரின் ஆய்வு அதற்கு அடுத்தது. குடியிருப்பவரின் நோட்டை நான் இந்த வரிசையிலேயே சேர்க்கவில்லை, அதற்குப் பணம் தேவையில்லை என்பதால். ஆனால் பத்து வருட நோட்டு ஒன்றை விற்பவர் என் கையில் கொடுத்தால், அவரது ஆய்வறிக்கைக்கு முன் அதைத்தான் திறப்பேன்.

அந்த வீட்டை வாங்கினேன். குழாயை விற்பவரே மாற்றிக் கொடுத்தார். சுவர் காய 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு; அதனால் பூச்சைச் சுரண்டிவிட்டுப் பல மாதங்கள் அப்படியே விட்டிருந்தேன். விருந்தினர் வந்தால் கதவைச் சாத்திவைப்போம். இப்போது அங்கே அலமாரி இல்லை. சுவரின் அடியில், ஒரு சாண் உயரத்தில், பென்சிலில் எழுதிய ஏழு தேதிகள் இருக்கின்றன; ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஈரமானி காட்டிய எண்.