கடையைத் தள்ளி வைப்பதா, நிறுத்தி ஊதச் சொல்வதா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சாவதையும் சாகடிப்பதையும் குறைக்க நம் ஊரில் இரண்டு யோசனைகள் பேசப்படுகின்றன. ஒன்று, நெடுஞ்சாலைப் பக்கம் மதுக்கடையே இருக்கக் கூடாது. இன்னொன்று, ஓட்டுபவரை மறித்து ஊதச் சொல்வது.

முதலாவதைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்தாயிற்று. தமிழக வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனபோது, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஏப்ரலில் டாஸ்மாக் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை மூடியது. தீர்ப்புக்கு அப்புறம் நடந்ததுதான் கூத்து. சண்டிகர் நிர்வாகம் நெடுஞ்சாலைகளை மாவட்டச் சாலைகள் என்று வகை மாற்றியது. கேரளத்தின் வடக்கு பறவூரில் ஒரு பார், வாசலுக்குப் போகும் பாதையை வளைத்து வளைத்துக் கட்டி நடக்கும் தூரத்தைக் கூட்டிக்கொண்டது. இங்கே கடைகள் குடியிருப்புப் பக்கம் நகர, திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் சாலையை மறித்தார்கள். 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றமே விளக்கம் தந்துவிட்டது.

இத்தனைக்கும் பைக் வைத்திருப்பவருக்கு 500 மீட்டர் ஒரு தூரமா? குவார்ட்டருக்காகக் கொஞ்சம் அதிகம் போவார், அதே தூரத்தைப் போதையில் திரும்பி வருவார்.

ஊதச் சொல்வதில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் நல்ல உதாரணம். அங்கே 1982 டிசம்பரில், சந்தேகமே இல்லாவிட்டாலும் யாரையும் நிறுத்திச் சோதிக்கலாம் என்று ஆக்கினார்கள். அந்த ஆண்டு 1,200-க்கு மேல் இருந்த சாலைச் சாவு, அடுத்த ஆண்டே ஆயிரத்துக்குக் கீழே வந்தது. இரண்டு பீர் குடித்தவருக்கும் 'இன்று மாட்டிக்கொள்வோமோ' என்ற பயம் வந்ததுதான் காரணம் என்பேன்.

நம் சட்டமும் காகிதத்தில் கடுமைதான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் கூடாது. நியூ சவுத் வேல்ஸில்கூட 50 வரை விடுகிறார்கள். 2019 திருத்தத்தில் அபராதமும் 2,000 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-வது பிரிவு, குடித்திருப்பார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால்தான் ஊதச் சொல்லலாம் என்கிறது. நிதானமாக ஓட்டி வருபவர் தப்பிவிடலாம். சோதனையும் பெரும்பாலும் இரவில், நகரத்துச் சிக்னல் பக்கம்தான். டாஸ்மாக் திறப்பதோ பகல் 12 மணிக்கு.

நான் ஊதச் சொல்லும் பக்கம்தான். இதற்கும் கருவியும் ஆளும் வேண்டும், லஞ்சத்துக்கும் வழி உண்டு, சரி. ஆனாலும் 203-வது பிரிவில் அந்தச் சந்தேக நிபந்தனையை எடுத்துவிட்டு, மதியம் மூன்று மணிக்குக் கிராமத்துச் சாலையிலும் நிறுத்தட்டும்.