ஹாரி கிளார்க்கின் ஓவியங்களோடு எட்கர் ஆலன் போ: சில ஆண்டு வாசிப்புக்குப் பின்

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் திகில், மர்மக் கதைகளுக்கு ஹாரி கிளார்க் வரைந்த ஓவியங்கள் அடங்கிய தொகுப்பின் மறுபதிப்பு ஒன்று சில ஆண்டுகளாக என் மேசையில் இருக்கிறது. மூலப் பதிப்பை லண்டனின் ஹாராப் நிறுவனம் 1919-இல் வெளியிட்டது. அதில் கறுப்பு வெள்ளைப் படங்களே இருந்தன. 1923 பதிப்பில்தான் எட்டு வண்ணப் படங்கள் சேர்ந்தன. எல்லா மறுபதிப்புகளிலும் அந்த எட்டும் இருப்பதில்லை என்பதால், வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்வது நல்லது.

டப்ளின்காரரான கிளார்க், தேவாலயச் சாளரங்களுக்கு வண்ணக் கண்ணாடி ஓவியம் செய்தவர். அந்தத் தொழிலின் பழக்கம் இந்தப் படங்களிலும் தெரிகிறது: பக்கத்தின் பெரும்பகுதியை அடர்ந்த கறுப்பால் நிரப்பிவிட்டு, மீந்த இடத்தில் நீண்டு மெலிந்த உருவங்களையும் அகன்ற கண்களையும் ஆடையின் நுண்ணிய புள்ளி வேலைப்பாட்டையும் ஒளிரவிடுகிறார். செம்மரணம் என்ற கொள்ளைநோய் நுழையும் முகமூடி விருந்து பற்றிய 1842-ஆம் ஆண்டுக் கதை இவருக்காகவே எழுதப்பட்டதோ என்று தோன்றும். அதில் ஏழு அறைகள்; ஒவ்வோர் அறையின் சாளரக் கண்ணாடியும் அந்த அறையின் நிறத்திலேயே இருக்க, கடைசிக் கறுப்பு அறைக்கு மட்டும் இரத்தச் சிவப்புக் கண்ணாடி. விளக்குகள் அறைக்குள் இல்லை. வெளியே நடைவழியில் எரியும் நெருப்பின் ஒளிதான் கண்ணாடி வழியே உள்ளே விழுகிறது.

இத்தகைய படங்களுக்கு அச்சுதான் உயிர். என் பிரதியில் தாள் பளபளப்பற்றது, ஆகவே இரவு விளக்கடியில் கண் கூசுவதில்லை. ஆனால் கறுப்பு சில பக்கங்களில் சாம்பலாக வெளிறியிருப்பதால் நுண்கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. முதுகைத் தைக்காமல் பசையால் ஒட்டியிருப்பதால், படங்களுக்காக அகல விரித்து வைத்தே நடுவில் சில தாள்கள் கழன்றுவிட்டன. போவின் லத்தீன், பிரெஞ்சு மேற்கோள்களுக்கு அடிக்குறிப்பும் இல்லை; அகராதி பக்கத்தில் இருக்க வேண்டும்.

திகில் கதைகளில் முடிவு முன்கூட்டித் தெரிந்தாலும் அச்சம் குறைவதில்லை. கிழவரைக் கொன்றவன் தானே முதல் வரியிலிருந்து பேசும் 1843-ஆம் ஆண்டுக் கதையை எத்தனை முறை படித்தாலும், தரைப்பலகைக்கு அடியில் இதயம் துடிக்கத் தொடங்கும் இடத்தில் என் வாசிப்பின் வேகம் கூடிவிடுகிறது. மர்மக் கதையின் நிலை வேறு. பாரிஸ் நகரில், உட்புறம் தாழிட்ட அறையில் நிகழ்ந்த இரட்டைக் கொலையைத் தூப்பின் என்பவர் துப்பறியும் 1841-ஆம் ஆண்டுக் கதையில், உள்ளே கேட்ட கீச்சுக்குரலை ஒவ்வொரு சாட்சியும் தனக்குத் தெரியாத ஏதோ ஒரு மொழி என்கிறார். அந்தப் புதிரை வாசகர் மெல்ல அவிழ்க்க வேண்டும் என்பதே போவின் ஏற்பாடு. கிளார்க்கின் படமோ கொலை செய்தது யார் என்பதை அப்பட்டமாகக் காட்டிவிடுகிறது. ஓவியமாக அது அபாரம், துப்பறியும் கதைக்குத் துரோகம். புதிய வாசகருக்கு இரவல் தரும்போது அந்தப் பக்கத்தின்மேல் ஒரு வெள்ளைத் தாளைச் செருகியே தருகிறேன்.