தெகார்த்தா, ஹியூமா: தத்துவத்தை எங்கே தொடங்கலாம்?

அறிவு, உண்மை, இருப்பு பற்றிப் படிக்க ஆசை, யாரிடம் தொடங்குவது என்றுதான் குழப்பமா? பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தின் ‘தியானங்கள்’ (1641), ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூமின் ‘மனித அறிவு பற்றிய விசாரணை’ (1748) இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அளவு: தெகார்த், ஆறே தியானங்கள். ஹியூம், பன்னிரண்டு பகுதிகள்.

எளிமை: தெகார்த் முதலில் கதை மாதிரி ஓடும். அடுப்பருகே உட்கார்ந்து, இதெல்லாம் கனவாக இருந்தால் என்கிறார். மெழுகைச் சூடாக்குகிறார், மணம், நிறம், வடிவம் எல்லாமே மாறுகின்றன, ஆனாலும் அதே மெழுகு என்கிறோம். அதை அறிந்தது புலனா, புத்தியா? மூன்றாம் தியானத்தில் கடவுளை நிரூபிக்க இறங்குகிறார். அங்கே எனக்குக் கொஞ்சம் இழுவைதான்.
ஹியூமில் இழுவை குறைவு. ஒரு பில்லியர்ட்ஸ் பந்து இன்னொன்றில் மோதுகிறது, அது நகர்கிறது. இரண்டையும் பார்த்தோம், சரி. ‘அதனால்’ என்பதை எங்கே பார்த்தோம்? வெறும் பழக்கம் என்கிறார்.

தாக்குப்பிடிப்பது: தெகார்த்தின் சந்தேகம் வலுவானது, கடவுளை வைத்து அவர் தரும் விடை அவ்வளவு இல்லை. ஹியூமின் கேள்வியோ ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டையே உலுக்கியது, இன்றும் தீர்ந்தபாடில்லை.

‘நான் இருப்பது நிச்சயமா?’ என்று குடைகிறவர்கள் தெகார்த்தை எடுக்கலாம். அறிவியல் படிப்பவர்கள் யோசிக்காமல் ஹியூமுக்குப் போகலாம்.